ஹாஜ்ஜா கூட்டல் போடுகிறாள்

அத்தாயா, கெர்கென்னாத் தீவு
அக்டோபர் 14

என் ஈரக்குலையே தொர்ரா,

உன்னைப் பெற்றவளைப் பெற்ற ஒம்மி மொன்ஜியா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் அல்லாஹ்வின் கருணையால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. துனிஸில் நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் வெற்றிகள். உன் தம்பி ஹைதம் மருந்தாளர் படிப்பில் இந்த வருடமும் தேறிவிட்டான். உன் மாமன் மகள் ஸப்ரீனின் கைப்பந்து அணி ஸ்ஃபாக்ஸுக்குப் போய், ஆளுயரப் பெண்களையெல்லாம் தோற்கடித்துவிட்டுப் படகில் கோப்பையோடு வந்து இறங்கியது. அந்தக் கோப்பையில்தான் இப்போது நாங்கள் வறுத்த பாதாம் போட்டு வைத்திருக்கிறோம். அவள் தம்பி நஜீப் குர்ஆன் ஓதுதல் போட்டியில் இரண்டாவது. முதலாவது வந்தவன் ஆசிரியரின் மகன். ஆகையால் நம்மவன் முதலாவது என்றே வைத்துக்கொள். கடைசியாக நீ. உயிருள்ள செல்லை வைத்துக் கணினி செய்கிறாள் என் பேத்தி என்று படகுத்துறையில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான், ஆனாலும் சத்தமாகச் சொன்னேன்.

கோடையில் நான் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது இடது கையில் கிள்ளி எடுத்தார்களே தோல், அந்த இடம் ஆறி ஒரு பருப்பளவு தழும்பாகிவிட்டது. கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன். அன்று உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் ஹெண்ட் எனக்கு விதிகளைச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஹாஜ்ஜா, இது உங்க தோல். எப்ப வேணாம்னு தோணினாலும் வேணாம்னு சொல்லிடுங்க. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல. நாங்க எல்லாத்தையும் அழிச்சிடுவோம்." நான் சிரித்துவிட்டேன். பள்ளியை நிறுத்தியபோதும், கல்யாணம் பேசியபோதும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை எனக்கு யாரும் தரவில்லை. இந்த வயதில் என் தோலுக்குக் கிடைத்திருக்கிறது.

என் தோல் துனிஸில் ஒரு கிண்ணத்தில் வளர்கிறது என்பதில் பக்கத்து வீட்டு ஸல்ஹாவுக்கு வயிற்றெரிச்சல். "தீர்ப்பு நாள்ல உன்னை எந்தக் கிண்ணத்துலேருந்துடி எழுப்புவாங்க?" என்று கேட்டாள். "கடல்ல போன எங்கப்பாவை மீன் வயித்துலேருந்து எழுப்பறவனுக்குக் கிண்ணமா பெரிசு?" என்றேன். கொடுக்க வந்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூடத்துச் சுவரில் எல்லோருக்கும் புதுப் படம் மாட்டிவிட்டேன். உன் படம் மட்டும் பள்ளி முடித்தபோது எடுத்தது. ஒரு கண் மூடியிருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் நெற்றியில் முத்தத்துடன்,
ஒம்மி

*

துனிஸ்
நவம்பர் 6

அன்புள்ள ஒம்மிக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு எழுதுகிறேன். நான் நலம், சாப்பிடுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

உங்களுக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். நம் செல் ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ என்று ஒரு நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அந்த செல் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கிறது. உங்கள் தோலிலிருந்து எடுத்த செல்களில், நான்கு வருடமாக நான் உருவாக்கிய என் வரிகளையும் எழுதிச் சேர்த்தேன். "இரண்டு மருந்தில் ஏதாவது ஒன்று மட்டும் வந்தால் சிவப்பாக ஒளிர். இரண்டும் சேர்ந்து வந்தால் பச்சையாக ஒளிர்." சிவப்பு என்றால் ஒன்று, பச்சை என்றால் இரண்டு. போன வியாழக்கிழமை இரண்டு மருந்தையும் விட்டோம். கிண்ணம் பச்சையானது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. உங்கள் தோல் கூட்டல் போட்டுவிட்டது, ஒம்மி.

ஒரு நாள் இப்படிப்பட்ட செல் நோயாளியின் உடம்புக்குள் காவல் இருக்கும். நோயின் இரண்டு அடையாளமும் சேர்ந்து தெரிந்தால்தான் மருந்தைத் திறந்துவிடும். ஒன்றை இரண்டென்று எண்ணிவிட்டால், நோயில்லாத இடத்தில் நஞ்சைத் திறந்துவிட்டதாகும். இரண்டை ஒன்றென்று எண்ணிவிட்டால், நோய் இருந்தும் மருந்து கிடைக்காது. இப்போதைக்கு நம்முடையது பத்துக் கிண்ணத்தில் மூன்றில் தப்புப் போடுகிறது. அதைச் சரிசெய்யத்தான் பாடுபடுகிறேன்.

கொடுத்தவர் பெயரைக் கிண்ணத்தில் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் இங்கே எல்லோரும் உங்கள் செல்களை ஹாஜ்ஜா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "ஹாஜ்ஜாவுக்குச் சாப்பாடு போட்டாச்சா?", "ஹாஜ்ஜாவுக்குக் குளிருது, கதவைச் சாத்து." ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுக்கு உணவு மாற்ற வேண்டும், தவறினால் செத்துவிடுவாள். என் வரிகளை அறிந்த நான்தான் போட வேண்டும். இன்னொருவர் கையை நான் நம்புவதில்லை. பெருநாள் அன்றுகூட எனக்கு விடுமுறை கிடையாது. பெருநாளுக்கு வர முடியாது என்று அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

புதுக் கோட்டு வந்ததும் படம் அனுப்புகிறேன்.

உங்கள் தொர்ரா

*

அத்தாயா
டிசம்பர் 1

தொர்ரா, என் வீட்டு விளக்கே,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை நான் வாசித்தேன், பிறகு ஹைதமை வாசிக்கச் சொன்னேன், பிறகு ஸல்ஹாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். மக்காவுக்கு நான் இன்னும் போகவில்லை, வயதுக்கு மரியாதையாகத்தான் என்னை ஹாஜ்ஜா என்கிறார்கள். எனக்கு முன்னால் என் தோல் ஹாஜ்ஜாவாகிவிட்டது. போகட்டும், குடும்பத்தில் யாராவது ஒருவர் முந்தித்தானே ஆக வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என் சித்தப்பா வந்து, பெண்ணுக்கு இது போதும், இனி வலை பின்னட்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பின்னக் கணக்கு பாதியில் நின்றது. அவர் பிடித்தது இந்த இடது கையைத்தான். இதே கையின் தோல்தான் இப்போது தலைநகரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. வந்து இழுத்துப் போகட்டும் பார்க்கலாம்.

தப்புப் போடுகிறாள் என்று அவளை அடித்துவிடாதே. எனக்கும் முதலில் வரவில்லை.

காயவைத்த கணவாய் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். ஹெண்டுக்கும் கொடு. படத்தை மறந்துவிடாதே.

ஒம்மி

*

அத்தாயா
ஜனவரி 17

தொர்ரா கண்ணே,

நலமா? கணவாய் வந்ததா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனில் பேசினால் "நல்லா இருக்கேன் ஒம்மி" என்கிறாய். என் காதுக்கு அது சரியாகக் கேட்கவில்லை, அல்லது சரியாகக் கேட்டதனால்தான் எழுதுகிறேன். காற்று பலமாக இருந்ததால் படகு நின்றிருந்தது. தபாலும் அதனால் நின்றதென்று வைத்துக்கொள்கிறேன்.

உன் புதுப் படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன். வெறும் ஆணி.

ஒம்மி

*

துனிஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள ஒம்மிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். கணவாய் ருசியாக இருந்தது. இங்கே மழை. வேலை நன்றாகப் போகிறது. படம் எடுக்க நேரம் வாய்க்கவில்லை. ஒரு நல்ல செய்தி: பெருநாளுக்கு வருகிறேன், பத்து நாள் தங்குவேன். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

தொர்ரா

*

அத்தாயா
பிப்ரவரி 18

தொர்ரா,

நான் நலம். பத்து நாள் தங்குவதாக எழுதியிருக்கிறாய். உன் அம்மா சந்தோஷத்தில் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஹாஜ்ஜாவுக்கு யார் சாப்பாடு போடுவார்கள்?

ஒம்மி

*

துனிஸ்
மார்ச் 4

ஒம்மி,

நோன்பு உங்களுக்கு லேசாக அமையட்டும். உங்களிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பரில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் தலைவர் பேராசிரியர் லொத்ஃபி தப்புப் போட்ட கிண்ணங்களைச் செல் வளர்க்கும் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம் என்றார். பச்சையானதை மட்டும் வரிசையாக வைத்து, "பிழையே இல்லை" என்றார். அவர்கள் கைதட்டினார்கள். நான் போய் மீதி மூன்றையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். "இவையும் ஹாஜ்ஜாதான்" என்றேன். அவர்கள் போன பிறகு அவர் சத்தம்கூடப் போடவில்லை, ஒம்மி. "நீ ரொம்பக் களைச்சிருக்கே தொர்ரா, கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றார். மறுவாரம் என் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை.

செல்களை ஹெண்ட் கையில் கொடுத்துவிட்டார்கள். கோடையில் அந்த நிறுவனத்துக்கு விமானத்தில் அனுப்பப் போகிறார்கள். என் பெயர் எதிலும் இல்லை. தப்புக் கிண்ணங்களும் எதிலும் இல்லை. நான் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறேன். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் படம் இல்லை.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். விட்டுவிடுவோம். அவர் பெரிய ஆள்.

தொர்ரா

*

அத்தாயா, கெர்கென்னா
மார்ச் 10

மதிப்புக்குரிய பேராசிரியர் லொத்ஃபி அவர்களுக்கு,

நோன்பு மாதத்தில் தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் மொன்ஜியா, தொர்ராவின் பாட்டி. உங்கள் பெட்டிக்குள் இருப்பது என் தோல்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கடிதத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையை எடுத்து ஒளித்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் எழுதியபடியே அனுப்புகிறேன்.

என் தோல் என் பேத்தியின் கையால்தான் சாப்பிடும். அது போடும் கணக்கில் அவள் பெயர் இருக்கும். சரியாகப் போட்டதைச் சொல்லும்போது தப்பாகப் போட்டதையும் சொல்வீர்கள். தப்புக் கணக்குப் போடும் செல்லை நாளைக்கு யாரோ ஒரு பிள்ளையின் உடம்பில் வைப்பார்கள். அந்தப் பாவத்தில் என் தோலைச் சேர்க்காதீர்கள்.

இதற்குச் சம்மதமென்றால் சந்தோஷம். இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நீங்களே எனக்குத் தந்திருக்கிறீர்கள்.

இதன் நகல் ஒன்றை என் பேத்திக்கும் அனுப்புகிறேன். ஒளித்து எழுதியதாக அவள் நினைக்கக் கூடாது.

மொன்ஜியா

*

துனிஸ்
மார்ச் 22

போற்றுதலுக்குரிய ஹாஜ்ஜா மொன்ஜியா அவர்களுக்கு,

தாங்கள் பூரண நலத்தோடு நோன்பை நிறைவு செய்ய என் பிரார்த்தனைகள். தங்களை என் தாயாகவே கருதி எழுதுகிறேன். தங்கள் பேத்தி திறமைசாலி. இளமை வேகம் சற்று அதிகம். விருந்தினர் வரும்போது வீட்டின் நல்ல பாத்திரங்களைத்தானே அம்மா எடுத்து வைப்போம்? விரிசல் விட்டதை யாரும் காட்டுவதில்லை. அறிவியலிலும் அப்படித்தான். நம் நாட்டின் பெயர் உலக அரங்கில் ஒலிக்கப் போகும் தறுவாயில் இருக்கிறோம்.

தாங்கள் மறுத்தால் விதிப்படி எல்லாவற்றையும் அழிக்க வேண்டி வரும். ஒரு கிண்ணம்கூட மிஞ்சாது. அதில் தங்கள் பேத்தியின் நான்கு வருட உழைப்பும் போய்விடும். தங்களைப் போன்ற ஒரு பாட்டி தன் பேத்திக்கு அப்படிச் செய்ய மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இத்துடன் ஒரு சிறு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பியுள்ளேன். ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என்றும் தங்கள் மகன்,
லொத்ஃபி

*

அத்தாயா
ஏப்ரல் 9

பேராசிரியர் அவர்களுக்கு,

பெருநாள் வாழ்த்துகள். நாங்கள் நலம். பேரீச்சம்பழத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. நீங்கள் என்னை ஹாஜ்ஜா என்று எழுதியது என் தோலைப் பார்த்துத்தான். ஆகவே தோலுக்காகவே பேசுகிறேன்.

விரிசல் விட்ட பாத்திரத்தை விருந்தினர் முன்னால் வைக்க மாட்டோம், உண்மை. ஆனால் அதில் மருந்து ஊற்றி நோயாளிக்கும் கொடுக்க மாட்டோம்.

என் பேத்தி பெருநாளுக்கு வந்திருந்தாள். உங்கள் கடிதத்தை அவள் கையில்தான் முதலில் கொடுத்தேன். நான்கு வருடம் அவளுடையது, எனக்கு அதில் பங்கில்லை. ஆகையால் அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் அதை மடியில் செருகிக்கொண்டே வீட்டு வேலை செய்தாள். மூன்றாம் நாள் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"சொல்லிடுங்க ஒம்மி. அவர் கையில பொய் சொல்லிட்டு உசிரோட இருக்கறதுக்கு, ஹாஜ்ஜா போகட்டும்."

அழுதாள், மறைக்கவில்லை. நானும் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், கணக்கில் எதையும் விட வேண்டாம்.

வேண்டாம், பேராசிரியரே. இது நான் சொல்லும் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று உங்கள் பெண் சொன்னாள். இருந்தாலும் சொல்லியிருக்கிறேன். கொடுத்தவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் மேலிடத்துக் குழுவுக்கும் இதையே எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.

மொன்ஜியா

*

துனிஸ்
மே 20

அன்புள்ள ஒம்மிக்கு,

உங்கள் கைகளை, தழும்பு உள்ள கையை இரண்டு முறை, முத்தமிடுகிறேன்.

முடிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் ஹெண்ட் கூப்பிட்டாள். "நான் செய்ய மாட்டேன் தொர்ரா. நீ வளர்த்தது, நீ வந்து வழியனுப்பு" என்றாள். குழுவிடம் பேசி எனக்கு அனுமதியும் வாங்கியிருந்தாள். பேராசிரியர் வரவில்லை. உறைபெட்டியில் இருந்த குப்பிகளையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்திருந்தாள்.

அழிக்கும் முன் எல்லாக் கிண்ணத்துக்கும் கடைசியாக ஒருமுறை சாப்பாடு போட்டேன். பிறகு இரண்டு மருந்தையும் விட்டுக் காத்திருந்தோம். ஒவ்வொன்றாகப் பச்சையானது. மூன்று மட்டும் சிவப்பாகவே அடம்பிடித்தன. ஹெண்ட் சிரித்துவிட்டாள். "சாகும்போதும் ஹாஜ்ஜா விட்டுக்கொடுக்க மாட்டேங்கறா பாரு." சிரித்துக்கொண்டேதான் பிளீச் ஊற்றினேன். நிறம் போனதும் சிரிப்பும் போனது. கிண்ணங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு செய்தி. நிறுவனத்துக்காரர்கள் ஏன் அழித்தீர்கள் என்று கேட்டதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. மொனாஸ்தீரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அதன் தலைவி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "தப்பானதைத் தூக்கிட்டு வந்து மேசையில வெச்ச பொண்ணு நீதானா? எனக்கு அந்தப் பொண்ணுதான் வேணும்" என்றார். அங்கே கருவிகள் பழையவை. அடைகாக்கும் பெட்டியின் கதவுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஆனால் என் வரிகள் எனக்கு மனப்பாடம், ஒம்மி. திரும்ப எழுதிவிடுவேன். செல்தான் இல்லை. கடையில் வாங்கும் செல்லில் தொடங்கலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

தொர்ரா

*

அத்தாயா
ஜூன் 12

என் ஈரக்குலையே தொர்ரா,

தியாகப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. எல்லோரும் நலம். முழங்கால் பழையபடி.

வெற்றிகளைச் சொல்லிவிடுகிறேன், இந்த முறை உன்னிலிருந்து. தொர்ரா நான்கு வருட வேலையைத் தன் கையாலேயே ஊற்றிக் கழுவி வைத்துவிட்டு, தலையில் இருப்பதை எடுத்துக்கொண்டு மொனாஸ்தீர் போகிறாள். இதைப் படகுத்துறையில் இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஸப்ரீன் அணித்தலைவியாகிவிட்டாள். ஹைதமுக்கு ஸூஸில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சி. நஜீப் இந்த முறை மூன்றாவது. அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

கடையில் செல் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். யார் வீட்டுப் பெண்ணோ, எந்த ஊரோ, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறதோ இல்லையோ. எதற்கு அது?

எனக்கு இன்னொரு கை இருக்கிறது.

வலது கை. சித்தப்பா தொடாதது. வியாழக்கிழமை காலைப் படகில் மொனாஸ்தீருக்குக் கிளம்புகிறேன், ஹைதம் ஸ்ஃபாக்ஸிலிருந்து கூட்டி வருவான். விதிகளை வாசிக்கும்போது இந்த முறை சிரிக்க மாட்டேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை கேட்பேன். ஸல்ஹா வாசலில் நின்று, "ஏண்டி, ஒரு தடவை கிள்ளிக் கொடுத்து அவங்க கொன்னது பத்தாதா?" என்றாள். "அவங்க கொல்லல, நான் கொன்னேன். மறுபடியும் வளர்க்கறதும் நான்தான்" என்றேன். வழியில் சாப்பிட இரண்டு ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஆணி இன்னும் சுவரில் வெறுமனே இருக்கிறது. நான் வந்து கொடுத்துவிட்டுத் திரும்பிய பிறகு, புது ஹாஜ்ஜா வளர்ந்து முதல் கணக்குப் போடும் அன்றைக்கு ஒரு படம் எடு. கோட்டு இன்னும் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கயிறு கட்டிய கதவும் தெரியட்டும். சரியாகப் போட்ட கிண்ணத்தை ஒரு கையிலும் தப்பாகப் போட்டதை இன்னொரு கையிலும் பிடித்துக்கொள். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். போனில் அனுப்பாதே, தாளில் எடுத்து, பெரிதாக, தபாலில் அனுப்பு.

ஒம்மி மொன்ஜியா